ஹெல்டிரைவர்: ஜாம்பிப் படையை வெட்டிச் சாய்க்கும் பள்ளி மாணவி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேற்று இரவு என்ன படம் பார்த்தேன் என்று யாராவது கேட்டு, நானும் உண்மையைச் சொல்லிவிட்டால், அதன் பிறகு ஒரு மணி நேரம் கேள்விகள்தான். "ஜாம்பியா? ஜப்பானிலா? பள்ளிக்கூடப் பெண்ணா? ரம்பமா?" என்று குரல் ஏறிக்கொண்டே போகும். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் 'ஹெல்டிரைவர்' என்ற ஒரே படத்தை நடுவில் வைத்து இங்கே எழுதிவைக்கிறேன். படத்தின் முடிவைச் சொல்லவில்லை. தொடக்கத்தைச் சொல்லியே ஆகவேண்டும். அது இல்லாமல் எதையும் விளக்க முடியாது.

இது எந்த ஆண்டுப் படம்? யார் எடுத்தது?

2010-இல் எடுக்கப்பட்டது, ஜப்பானியத் திரையரங்குகளுக்கு 2011 ஜூலையில் வந்தது. இயக்குநர் யோஷிஹிரோ நிஷிமுரா. தயாரிப்பு, 1912-இல் தொடங்கிய பழம்பெரும் நிறுவனமான நிக்காட்சு. மாணவி கிகாவாக யூமிகோ ஹாராவும் அவளுடைய தாய் ரிக்காவாக எய்ஹி ஷீனாவும் நடித்திருக்கிறார்கள். 1999-இல் வந்த 'ஆடிஷன்' படத்தைப் பார்த்தவர்களுக்கு எய்ஹி ஷீனாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவருடைய மெல்லிய குரலைக் கேட்டாலே கை கால் சில்லிட்டுப்போகும்.

கிகாவோடு பயணம் செய்யும் ஆண்களில் ஒருவராக யூரெய் யானகி வருகிறார். 'யூரெய்' என்ற சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் பேய் என்று பொருள். பேய் என்று பெயர் வைத்துக்கொண்ட நடிகர் ஜாம்பிப் படத்தில் உயிருள்ள மனிதராக நடிக்கிறார்.

கதைதான் என்ன?

ரிக்கா ஒரு கொலைகாரி. தன் தம்பியோடு சேர்ந்து மனிதர்களைக் கொல்வதும் தின்பதுமே அவளுடைய வேலை. கிகாவின் தந்தையையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. தாயும் மகளும் நேருக்கு நேர் நிற்கும் வேளையில் வானத்திலிருந்து ஒரு விண்கல் வந்து ரிக்காவின் மார்பைத் துளைத்துப் போய்விடுகிறது. மார்பில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. விழுந்து சாகவேண்டியவள் சாகவில்லை. எதிரே நிற்கும் மகளின் மார்பைக் கிழித்து, துடிக்கும் இதயத்தைப் பிடுங்கித் தன் ஓட்டைக்குள் வைத்துக்கொள்கிறாள்.

இவை எல்லாம் தொடக்கத்திலேயே நடந்துவிடும். பிறகு நச்சுச் சாம்பல் பரவி ஜப்பானின் வடபாதி மக்கள் ஜாம்பிகளாக, அதாவது மனிதரைத் தின்னும் நடைபிணங்களாக, ஆகிறார்கள். அரசு நாட்டின் குறுக்கே சுவர் எழுப்பி வடக்கை மூடிவிடுகிறது. ரிக்கா அங்கே ஜாம்பிகளின் அரசி. கிகாவுக்குச் செயற்கை இதயம் பொருத்தி, அந்த இதயத்தின் விசையிலேயே ஓடும் ஒரு ரம்ப வாளையும் கையில் கொடுத்து, சுவருக்கு அப்பால் அனுப்புகிறார்கள்.

அவளுக்கு நாட்டைக் காப்பாற்றும் ஆசை பெரிதாக ஒன்றுமில்லை. தாயிடம் இருக்கும் தன் இதயம் அவளுக்குத் திரும்ப வேண்டும். படத்தில் கொட்டும் ரத்தத்தையெல்லாம் வழித்துத் தள்ளிவிட்டுப் பார்த்தால் மிச்சம் இருப்பது இந்தத் தாய்–மகள் வழக்குதான். இந்தப் படத்தை நான் இரண்டாம் முறை பார்த்ததற்கும் அதுதான் காரணம்.

ஜாம்பிகளுக்கு நெற்றியில் கொம்பு ஏன்?

சாம்பலைச் சுவாசித்தவர்களின் நெற்றியில் கவை போன்ற ஒரு கொம்பு முளைக்கிறது. படத்துக்கு அது பல வகையில் உதவுகிறது. கூட்டத்தில் யார் ஜாம்பி, யார் மனிதர் என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். வெட்டவேண்டிய இடமும் தெரிந்துவிடும். அதைவிடச் சுவையான விஷயம், அந்தக் கொம்பைப் பொடித்துப் போதைப்பொருளாக விற்கும் கள்ளச்சந்தை. சுவரைத் தாண்டிப்போய்க் கொம்பு வெட்டிக்கொண்டு வருவதே ஒரு பிழைப்பாகிவிடுகிறது. நாடே பாதி அழிந்து கிடக்கும்போதும் அதில் காசு பார்க்கும் கூட்டம் ஒன்று இருக்கும் என்பதை நிஷிமுரா வசனத்தில் சொல்லவில்லை. கொம்பைக் காட்டி நகர்ந்துவிடுகிறார்.

நிஷிமுரா யார்? வேறு என்ன செய்திருக்கிறார்?

இயக்குநராவதற்கு முன்பே ஒப்பனைக் கலைஞராகப் பெயர் வாங்கியவர். வெட்டுண்ட கை, பிளந்த தலை, மனித உடலோடு ஒட்டிக்கொண்ட இயந்திரம் போன்றவற்றை ரப்பராலும் பசையாலும் சாயத்தாலும் செய்பவர். இந்தத் தொழிலை யாரிடமும் படிக்கவில்லை, தானாகவே கற்றுக்கொண்டார். தன்னைப் பாதித்தவர் என்று ஓவியர் சால்வடோர் டாலியின் பெயரைச் சொல்லியிருக்கிறார். உருகி வழியும் கடிகாரங்களை வரைந்தவரைப் பார்த்து வளர்ந்த ஒருவர் மனித உடலையும் உருக்கி வழியவிட்டதில் வியப்பில்லை.

1995-இல் கையில் இருந்த காசில் எடுத்த ஒரு சிறிய படத்தை 2008-இல் 'டோக்கியோ கோர் போலீஸ்' என்று பெரிதாக எடுத்தார். அதிலும் நாயகி எய்ஹி ஷீனாதான். அதே ஆண்டு நோபொரு இகுச்சி இயக்கிய 'தி மெஷின் கேர்ள்' படத்துக்கு ஒப்பனையும் ரத்தமும் நிஷிமுராவின் கைவண்ணம். தம்பியைக் கொன்றவர்களைத் தேடிப்போகும் மாணவி ஒருத்தி, வெட்டுண்ட கையின் இடத்தில் இயந்திரத் துப்பாக்கியை மாட்டிக்கொள்ளும் கதை அது. 'ஹெல்டிரைவர்' பிடித்தவர்களுக்கு அதுவும் பிடிக்கும். பிடிக்காதவர்கள் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

ஜப்பானில் பேய்களுக்குப் பஞ்சமே இல்லையே, ஜாம்பி எதற்கு?

நியாயமான கேள்வி. ஜப்பானியப் பேய் என்றால் முகத்தை மறைக்கும் கருங்கூந்தல், வெள்ளை உடை, தொங்கும் கைகள். காலே இருக்காது. 18-ஆம் நூற்றாண்டில் மாருயாமா ஓக்யோ என்ற ஓவியர் இடுப்புக்குக் கீழே கரைந்துபோகும் பெண் பேயை வரைந்தார். காலில்லாத பேய் வழக்கமானதற்கு அவரைத்தான் காரணம் காட்டுவார்கள். நம் ஊர்ப் பேய்க்கும் கால் தரையில் பாவாது என்பதால் நமக்கு இதில் புதுமை தெரிவதில்லை.

இந்தப் பேய் ஒருத்தி. அவளுக்கு ஒரு பெயரும் ஒரு வழக்கும் உண்டு. 1825-இல் கபுகி என்ற மரபு நாடக மேடைக்கு வந்த ஓய்வா என்ற பேய், கணவன் செய்த துரோகத்துக்குப் பழிவாங்க வந்தவள். 1998-இல் 'ரிங்கு' படத்தில் கிணற்றிலிருந்து ஏறிவந்த சதாகோவும் அந்த வம்சம்தான். ஜாம்பி இதற்கு நேர் எதிர். கூட்டமாக வரும். பெயர் கிடையாது, வழக்கும் கிடையாது. அதற்கு உடம்பு மட்டும்தான் உண்டு.

அந்த உடம்புதான் ஜப்பானில் சிக்கல். அங்கே இறந்தவர்களில் 100-க்கு 99 பேருக்கும் மேலானவர்கள் எரியூட்டப்படுகிறார்கள். எரித்த பிறகு உறவினர்கள் சுற்றி நின்று, எலும்புத் துண்டுகளைச் சாப்ஸ்டிக்கால் எடுத்துக் கலசத்தில் இடுவார்கள். காலெலும்பில் தொடங்கித் தலையெலும்பில் முடிப்பார்கள்; அப்போதுதான் கலசத்துக்குள் இருப்பவர் தலைகீழாக இருக்கமாட்டார். இவ்வளவு ஒழுங்காகக் கலசத்தில் போய் அமர்ந்தவர் மண்ணைப் பிளந்துகொண்டு எப்படி எழுந்து வருவார்? அதனால்தான் ஜப்பானிய ஜாம்பிக்குக் கல்லறை ஒத்துவருவதில்லை. சாம்பல், கிருமி, விண்கல், ராணுவ ஆய்வகம் என்று ஏதாவது ஒன்றின் வழியாக, இன்னும் எரிக்கப்படாத உடம்பைப் பிடித்தாகவேண்டும்.

அப்படியானால் அங்கே ஜாம்பி எப்போது வந்தது?

அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவின் 1978-ஆம் ஆண்டுப் படமான 'டான் ஆஃப் தி டெட்', மறு ஆண்டு ஜப்பானில் 'ஜாம்பி' என்ற பெயரிலேயே வெளியானது. சொல் அப்போது ஊன்றியது. 1980-களின் பாதியில் ஹாங்காங்கிலிருந்து நெற்றியில் மந்திரக் காகிதத்தோடு குதித்துக் குதித்து வரும் சீனப் பிணங்கள் படங்களில் இறங்கின. ஜப்பானியர்கள் அவற்றைக் 'கியோன்ஷி' என்றார்கள். பள்ளிச் சிறுவர்கள் நெற்றியில் காகிதத்தை ஒட்டிக்கொண்டு கையை நீட்டிக் குதித்து விளையாடிய காலம் அது.

ஆனால் ஜாம்பியை ஜப்பானின் சொந்தச் சரக்காக்கியது சினிமா இல்லை, வீடியோ விளையாட்டுதான். 1996 மார்ச்சில் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட 'பயோஹசார்ட்' உலகமெங்கும் விற்றது. வெளிநாடுகளில் அதற்கு 'ரெசிடென்ட் ஈவில்' என்று பெயர். விளையாட்டுக்குப் பின்னால்தான் படங்கள் வரிசையாக வந்தன. 2000 யென் விலையில் விற்ற மலிவு விளையாட்டு வரிசை ஒன்றிலிருந்து 'ஒனேசான்பாரா' பிறந்தது. 2008-இல் அது படமும் ஆனது. அக்காள் கையில் வாள். தங்கை கையிலும் வாள், கூடவே பள்ளிச் சீருடை. வெட்டு, நகர், அடுத்த கூட்டம் வரும், மறுபடியும் வெட்டு என்ற விளையாட்டின் தாளம் இந்த வகைப் படங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. 'ஹெல்டிரைவ'ரிலும் இருக்கிறது. சில இடங்களில் கையில் விளையாட்டுக் கருவி இல்லாததே குறையாகத் தெரியும்.

ஆக, ஜாம்பி முழுக்க இறக்குமதிதானா?

பெயர் இறக்குமதி. இந்தப் படத்தின் ஜாம்பி அரசி இறக்குமதி என்று நான் நினைக்கவில்லை.

712-இல் தொகுக்கப்பட்ட 'கோஜிகி' ஜப்பானின் மிகப் பழைய நூல். அதில் இஸானாகி, இஸானாமி என்ற தெய்வத் தம்பதியின் கதை வருகிறது. நெருப்புத் தெய்வத்தைப் பெற்றபோது சூடு பட்டு இஸானாமி இறந்துபோகிறாள். அவளைத் திரும்ப அழைத்துவர இஸானாகி யோமி என்ற இறந்தோர் நாட்டுக்குப் போகிறான். "நான் இங்கே உண்டுவிட்டேன், உண்டவர்கள் திரும்ப முடியாது. இருந்தாலும் கேட்டுப் பார்க்கிறேன். அதுவரை என்னைப் பார்க்காதே" என்கிறாள். அவனுக்குப் பொறுமை இல்லை. தலையில் செருகியிருந்த சீப்பின் ஒரு பல்லை ஒடித்துக் கொளுத்தி உள்ளே எட்டிப் பார்க்கிறான். மனைவியின் உடம்பு அழுகிக் கிடக்கிறது. புழுக்கள் நெளிகின்றன. எட்டு இடிகள் அவள் உடம்பில் குடியிருக்கின்றன.

ஓட்டம் பிடிக்கிறான். அவமானப்பட்டவள் யோமியின் கோரப் பெண்களை ஏவுகிறாள். அவன் சீப்பை வீசுகிறான், அது மூங்கில் குருத்தாக முளைக்கிறது. துரத்துகிறவர்கள் நின்று தின்றுவிட்டுத் திரும்பவும் துரத்துகிறார்கள். அடுத்து ஒரு பெரும்படை வருகிறது. அதன் மீது மூன்று பீச் பழங்களை எறிந்து விரட்டுகிறான். கடைசியில் அவளே வருகிறாள். ஆயிரம் பேர் சேர்ந்து இழுக்கவேண்டிய பாறையை உருட்டி அவன் வழியை அடைக்கிறான். பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, நாளொன்றுக்கு 1000 பேரைக் கொல்வேன் என்கிறாள் அவள். நாளொன்றுக்கு 1500 பேறுகாலக் குடிசைகள் கட்டுவேன் என்கிறான் இவன்.

அழுகிய உடம்போடு ஆளும் பெண், அவள் ஏவும் தின்று தீராத கூட்டம், இரு உலகுக்கும் நடுவே ஒரு பெரிய அடைப்பு. இதற்குப் பிறகு 'ஹெல்டிரைவ'ரின் வடக்குச் சுவரைப் பார்த்தால் அந்தப் பாறை நினைவுக்கு வராமல் இருக்குமா? நிஷிமுரா 'கோஜிகி'யை மனதில் வைத்து எடுத்தார் என்று நான் சொல்லவரவில்லை. ஒரு நாட்டின் பழங்கதை அந்த நாட்டுக்காரர் எடுக்கும் படத்துக்குள் தானாகவே நுழைந்துகொள்ளும், அவ்வளவுதான். ஒரே ஒரு இடத்தில் கதை திரும்பியிருக்கிறது. அங்கே இறந்தவள் துரத்துகிறாள், உயிரோடு இருப்பவன் ஓடுகிறான். இங்கே மகள் பாறையைத் தாண்டி உள்ளே போய்த் தாயைத் துரத்துகிறாள்.

ஏன் எப்போது பார்த்தாலும் பள்ளி மாணவி?

இந்தக் கேள்விக்கு 1920-களின் தொடக்கத்துக்குப் போகவேண்டும். ஜப்பானின் கிறித்தவப் பெண்கள் பள்ளிகள் சில, கிமோனோவுக்குப் பதிலாகக் கடற்படை மாலுமியின் சட்டையை மாணவியருக்குத் தந்தன. ஃபுக்குவோக்காவில் எலிசபெத் லீ என்ற அமெரிக்கத் தலைமை ஆசிரியை 1921-இல் கொண்டுவந்த சீருடை அவற்றில் புகழ்பெற்றது. முதுகில் சதுரமாக விழும் அகலக் கழுத்துப்பட்டி, மார்பில் முடிச்சிட்ட துணி, மடிப்புப் பாவாடை. ஓடலாம், குதிக்கலாம், கையை வீசலாம் என்பதுதான் அதன் வசதி. ஒன்றை யாரும் கவனிப்பதில்லை: அது போர்வீரனின் உடை. அதைப் போட்ட பெண்ணின் கையில் ஆயுதத்தைக் கொடுக்கச் சினிமாவுக்கு அறுபது ஆண்டு ஆனது.

1970-களில் 'சுகேபன்' என்று அழைக்கப்பட்ட முரட்டு மாணவியர் கூட்டங்கள் பாவாடையைக் கணுக்கால் வரை நீளவிட்டுத் திரிந்தார்கள். ஒழுக்கத்தின் அடையாளமாகத் தைத்த துணி மீறலின் அடையாளமானது அப்போதுதான். 1981-இல் ஷின்ஜி சோமாய் இயக்கிய 'சீருடையும் இயந்திரத் துப்பாக்கியும்' படத்தில், யாகூசா என்ற குற்றக் கும்பலுக்கு வாரிசாகிவிடும் மாணவியாக ஹிரோகோ யாகுஷிமாரு வந்தார். படம் பெரும் வெற்றி. 1985-இல் யோ-யோவை ஆயுதமாக்கிய மாணவித் துப்பறிவாளர் தொலைக்காட்சிக்கு வந்தார். 2000-இல் 'பிளட்' என்ற அசைபடத்தில் சாயா என்ற பெண் சீருடையோடும் வாளோடும் ரத்தக்காட்டேரிகளை வெட்டினாள். கிகா இந்த வரிசையில் வருகிறவள்.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சீருடை அணிந்த பெண்ணைக் கேமரா பார்க்கும் பார்வை பல படங்களில் நேர்மையாக இல்லை. வீரம் என்ற பெயரில் பாவாடை ஓரத்தையே படம் பிடித்துக்கொண்டிருக்கும் படங்கள் வண்டி வண்டியாக இருக்கின்றன. மலிவு வீடியோவாக மட்டும் வெளியானவற்றில் இது இன்னும் மோசம். 'ஹெல்டிரைவர்' இந்தக் குற்றத்திலிருந்து முழுதாகத் தப்பவில்லை என்றாலும், கிகாவின் கோபத்தை அது விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. யூமிகோ ஹாரா படம் முழுக்கச் சிரிப்பதே அரிது.

இன்னொன்று வியாபாரம். நிக்காட்சு 2010-இல் 'சுஷி டைஃபூன்' என்ற பெயரில் தொடங்கிய தனி வரிசையில் வந்த படம் இது. வெளிநாட்டு ரசிகர்களைக் குறிவைத்த வரிசை என்பதை அந்தப் பெயரே காட்டிக்கொடுத்துவிடும். சுஷி, நிஞ்ஜா, யாகூசா, பள்ளிச் சீருடை என்று வெளியே இருப்பவர்கள் ஜப்பானிடம் எதிர்பார்க்கும் சாமான்களை எல்லாம் ஒரே கூடையில் போட்டுத் தருகிறார்கள். கொஞ்சம் கேலியோடுதான் தருகிறார்கள் என்பது ஆறுதல்.

துப்பாக்கியால் சுட்டுத் தள்ளாமல் ஏன் வாளும் ரம்பமும்?

அமெரிக்க ஜாம்பிப் படத்தில் நாயகன் ஒரு கடைக்குள் நுழைந்து துப்பாக்கியை அள்ளிக்கொள்வான். ஜப்பானில் அப்படி அள்ளக் கடை கிடையாது. 1958-ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கியையும் வாளையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்கத் தேர்வு, உரிமம், காவல்துறைச் சோதனை எல்லாம் உண்டு. ஆகவே ஜப்பானிய ஜாம்பிக் கதைகளில் கையில் கிடைத்ததுதான் ஆயுதம்: மண்வெட்டி, வில், மட்டை, ரம்பம்.

'ஐ ஆம் எ ஹீரோ' படம் இதைச் சரியாகப் பிடித்தது. அதன் நாயகனிடம் உரிமத்தோடு ஒரு துப்பாக்கி இருக்கிறது. ஊரே எரியும்போதும் அதை வெளியே எடுப்பது சட்டவிரோதம் என்று மனிதர் தயங்கிக்கொண்டு நிற்பார்.

கிகாவின் ஆயுதம் இந்தச் சிக்கலுக்கு நிஷிமுராவின் விடை. வடிவம் சாமுராய் வாள், விளிம்பில் ஓடுவது மரம் அறுக்கும் சங்கிலி, ஓட்டும் விசை அவளுடைய மார்பிலிருந்து. அந்த வாள் உறுமும்போதெல்லாம் கேட்பது அவளிடமிருந்து திருடப்பட்ட இதயத்துக்கு மாற்றாக வைத்த இயந்திரத்தின் சத்தம்.

ரத்தம் ஏன் தண்ணீர்க் குழாய் உடைந்ததுபோலப் பீய்ச்சி அடிக்கிறது?

இதை நிஷிமுரா கண்டுபிடிக்கவில்லை. 1962-இல் அகிரா குரோசாவாவின் 'சஞ்சூரோ' படத்தின் இறுதிச் சண்டையில் இரு வாள்வீரர்கள் அசையாமல் நெடுநேரம் எதிரெதிரே நிற்பார்கள். ஒரே வீச்சு. ஒருவரின் மார்பிலிருந்து அழுத்தத்தில் அடைத்துவைத்த ரத்தம் வெடித்துக் கிளம்பும். அதற்குப் பிறகு வாள்சண்டைப் படங்களில் ரத்தப் பீச்சல் ஒரு மரபாகவே ஆகிவிட்டது. 1970-களின் படங்கள் அதைப் பெருக்கின. நிஷிமுரா தலைமுறை அதை மழையாக்கியது.

குரோசாவாவின் ரத்தம் அதிர வைக்கும், ஏனென்றால் அது வந்தது ஒரே முறை. நிஷிமுராவின் ரத்தம் பத்தாவது நிமிடத்திலேயே அதிர்ச்சியை இழந்து வண்ணமாகிவிடுகிறது. கேமராக் கண்ணாடியில் தெறித்து வழியும் சிவப்பைத் துடைக்காமலே விட்டுவிடுவார்கள். பயம் போய்ச் சிரிப்பு வரும். அது தற்செயல் இல்லை, வேண்டும் என்றே செய்வது.

அரசியல் ஏதாவது இருக்கிறதா, வெறும் வெட்டுக்குத்துதானா?

இருக்கிறது. சுவருக்குத் தெற்கே நடக்கும் வாக்குவாதம்தான் படத்தின் கூர்மையான பகுதி. ஜாம்பிகள் நோயுற்ற குடிமக்கள், யாரோ ஒருவரின் அம்மா, யாரோ ஒருவரின் பிள்ளை, அவர்களைக் கொல்வது கொலை என்கிறது ஒரு தரப்பு. மொத்தமாக ஒழிக்கவேண்டும் என்கிறது மற்றொன்று. இதற்கிடையே பாதி நாட்டை இழந்த தெற்கில் வறுமை. மனித உரிமை பேசுகிறவர்களையும் ஒழிக்கச் சொல்கிறவர்களையும் படம் ஒரே அளவு கேலி செய்கிறது. சில இடங்களில் அந்தக் கேலி நியாயமாகப் படவில்லை, ஆனாலும் சிரித்துவிட்டேன்.

பிறகு ஒரு சங்கடம் நேர்ந்தது. படம் எடுத்து முடித்தபின், 2011 மார்ச் 11 அன்று வடகிழக்கு ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் ஃபுக்குஷிமா அணு உலை விபத்தும் நிகழ்ந்தன. வடக்கே யாரும் நுழையக்கூடாத பகுதி, காற்றில் பரவும் நச்சு, வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள். நான்கு மாதம் கழித்து 'ஹெல்டிரைவர்' ஜப்பானியத் திரைக்கு வந்தபோது, வடபாதியைச் சுவர் வைத்து மூடிய கதையை அந்த ஊர் மக்கள் எந்த மனநிலையில் பார்த்திருப்பார்கள் என்று யோசித்திருக்கிறேன். கேலியாக எடுத்த ஒன்று அதற்குள் கேலியாக இல்லாமல் போயிருந்தது.

சரி, படம் நன்றாக இருக்கிறதா?

பாதி நன்றாக இருக்கிறது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஓடுகிறது. இந்த வகைப் படத்துக்கு அரை மணி நேரம் அதிகம். படத்தின் பெயரே திரையில் வருவதற்குள் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் போய்விடும். முதல் முறை பார்த்தபோது, இவ்வளவு நேரம் பார்த்தது முன்கதைதானா என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தத் துணிச்சல் பிடித்திருந்தது.

கற்பனைக்குக் குறைவே இல்லை. மனித உறுப்புகளைக் கோத்துச் செய்த கார் ஒன்று வருகிறது. அதை ஜாம்பிகளே ஓட்டிக்கொண்டு துரத்துகின்றன. ஆயிரக்கணக்கான ஜாம்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி ஒரே பேருருவமாக எழும் காட்சியும் உண்டு. கணினி வேலை தெரியும் இடங்களில் படம் மலிவாகிவிடுகிறது. ரப்பரும் சாயமும் தெரியும் இடங்களில், அதுவும் மலிவுதான் என்றாலும், கையால் செய்தவர்களின் குதூகலம் தெரிகிறது. நடுவில் இருபது நிமிடம் சலிக்கும். அந்த நேரத்தில் தேநீர் போட்டுக்கொள்ளலாம்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

கூடவே கூடாது. சாப்பிட்டுக்கொண்டும் பார்க்கவேண்டாம்.

'சுஷி டைஃபூன்' வரிசை என்ன ஆயிற்று?

ஏலியனும் நிஞ்ஜாவும் மோதும் படம், கையில் ஆயுதம் பொருத்திய யாகூசா படம், சியோன் சோனோவின் 'கோல்ட் ஃபிஷ்' என்று ஒன்றோடொன்று ஒட்டாத சில படங்களைத் தந்துவிட்டு 2011-க்குப் பிறகு அடங்கிவிட்டது. அவற்றில் 'கோல்ட் ஃபிஷ்' வேறு தரத்துப் படம். அதை இந்தக் கூட்டத்தில் சேர்த்தது ஏன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. நிஷிமுராவுக்கு வேலை குறையவில்லை; 2015-இல் வந்த 'அட்டாக் ஆன் டைட்டன்' படத்தின் ராட்சத மனிதர்களின் ஒப்பனையில் அவருடைய பங்கு உண்டு.

இது பிடித்திருந்தால் அடுத்து எதைப் பார்ப்பது?

2001-இல் வந்த 'ஸ்டேசி' முதலில். கென்ஜி ஓட்சுகியின் நாவலை நாவோயுகி தோமோமாட்சு படமாக்கினார். 15 முதல் 17 வயது வரையுள்ள பெண்கள் உலகெங்கும் காரணமின்றி இறந்து ஜாம்பிகளாகிறார்கள். சாவதற்குச் சற்று முன்பு அவர்களுக்கு ஒரு விசித்திரமான மகிழ்ச்சி வந்துவிடும். இங்கே மாணவி ஜாம்பியோடு சண்டையிடுவதில்லை; அவளே ஜாம்பி. அவளைத் துண்டாக்கும் உரிமை அவளை நேசித்தவர்களுக்கு. தயாரிப்பில் ஏழ்மை தெரியும், நடிப்பும் சுமார்தான். ஆனாலும் இந்தப் பட்டியலில் மனத்தை அறுக்கும் படம் இதுதான்.

ரத்தம் போதும் என்றால் 2015-இல் ஒளிபரப்பான 'ஸ்கூல்-லைவ்!' அசைபடத் தொடருக்குப் போகலாம். பள்ளியிலேயே தங்கி வாழும் மாணவியரின் கலகலப்பான கதை போல முதல் பகுதி ஓடும். அதன் கடைசி நிமிடத்தை நான் சொல்லக்கூடாது. அதில் மண்வெட்டியோடு திரியும் குருமி என்ற பெண் எனக்குக் கிகாவைவிடப் பிடித்தவள்.

கடைசியாக 2017-இல் ஷினிச்சிரோ உவேடா எடுத்த 'ஒன் கட் ஆஃப் தி டெட்'. செலவு 30 லட்சம் யென். 2018-இல் டோக்கியோவில் இரண்டே திரையரங்குகளில் தொடங்கி 300 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. பாழடைந்த கட்டடத்தில் ஜாம்பிப் படம் எடுக்கும் குழுவை உண்மையான ஜாம்பிகள் தாக்குவதை, வெட்டே இல்லாத ஒரே ஷாட்டாக 37 நிமிடம் காட்டுவார்கள். நடிப்பு தடுமாறும், வசனங்களுக்கு நடுவே காரணமில்லாமல் மௌனம் விழும், கேமரா ஒரு கட்டத்தில் தரையிலேயே கிடக்கும். என்னோடு உட்கார்ந்து பார்த்த இரண்டு நண்பர்கள் அந்த இடத்தில் எழுந்து போய்விட்டார்கள். நீங்கள் எழுந்திருக்காதீர்கள்.